நடுச்சுவர் உடைந்த அன்று

அடுப்படியை இடித்துக் கட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது என் மகள்தான். விருதுநகரில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். வரும்போதெல்லாம், "இந்த இருட்டுக்குள்ள எப்படிம்மா சமைக்கிற?" என்பாள்.

இருட்டுக்குக் காரணம் உண்டு. மாமனார் இறந்த பிறகு வீட்டை என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் பிரித்துக்கொண்டபோது, அடுப்படிக்கு நடுவே ஒற்றைச் செங்கல் சுவர் எழுந்தது. ஜன்னல் அண்ணன் பக்கம் போய்விட்டது. அதுவரை அவர் மனைவியும் நானும் ஒரே அடுப்படியில் சமைத்தவர்கள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சுவர் வந்த பிறகும் வாசலில் பார்த்தால் பேசிக்கொண்டுதான் இருந்தோம்.

பேச்சு நின்றது என் வீட்டுக்காரருக்குக் கை வெந்தபோது. எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு வெடி கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் தீப்பிடித்து, அவரை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் அடுப்படித் தரையில் விழுந்து கத்தினேன். தெருவே வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவள் வரவில்லை. பிழைத்து வீடு திரும்பியவரைப் பார்க்கவும் வரவில்லை. பின்னால் அவள் வீட்டுக்காரர் செத்தபோது நான் போய் உட்கார்ந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

கொத்தனார் முதலில் கடப்பாக்கல் மேடையைப் பெயர்த்தார். கல்லின் ஒரு ஓரம் நடுச்சுவருக்குள் செருகியிருந்தது. கடப்பாரையைக் கொடுத்து நெம்பியதும் கல்லோடு சேர்ந்து சுவரும் பொலபொலவென்று அந்தப் பக்கம் சரிந்தது. ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. எங்கள் பக்கம் வெளிச்சம் வந்து விழுந்தது.

அந்த வெளிச்சத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். தலைமுடி முழுக்க நரைத்திருந்தது. கையில் கரண்டி. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த குழம்புக்குள் செங்கல் துண்டு கிடந்தது.

"சொல்லிட்டு இடிக்க மாட்டீகளோ?" என்றாள்.

"தெரியாம விழுந்துருச்சுக்கா. மேல எதும் பட்டுச்சா?"

"படல."

அவள் அடுப்பை அணைத்தாள். அப்படியே நான் திரும்பியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"அன்னைக்கு நான் கத்துனது ஒங்களுக்குக் கேட்டுச்சாக்கா?"

எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. "கேட்டுச்சு" என்றாள்.

"கேட்டும் வரலயே?"

"அவுக விடல."

"அவுக போனதுக்கு அப்புறம்?"

கரண்டியைக் குழம்புக்குள் விட்டுச் செங்கல் துண்டை எடுத்து வெளியே வைத்தாள். "மொதல்ல இந்த ஓட்டைய அடைக்கச் சொல்லு. தூசி வருது." முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள்.

கொத்தனார் சிமெண்டுச் சாக்குகளைச் சேர்த்து ஓட்டையில் தொங்கவிட்டார். முன்கூடத்தில் ஸ்டவ்வை வைத்துச் சமைத்தேன். அவள் குழம்பு பாழாய்ப் போனது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, மடங்காத விரல்களால் சோற்றைக் கூட்டியபடி, "கொண்டுபோய்த்தான் குடேன்" என்றார். அவரே சொன்ன பிறகு எனக்கு என்ன வீம்பு? கிண்ணத்தில் குழம்பை ஊற்றி எடுத்துக்கொண்டு தெரு வழியாகப் போனேன்.

கதவு சாத்தியிருந்தது. "அக்கா, நான்தான். கொளம்பு கொண்டாந்துருக்கேன்."

"சாப்பிட்டாச்சு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கதவு திறக்கவில்லை. எதிர்வீட்டுக்காரி பார்க்கப் பார்க்க, தளும்பிய கிண்ணத்தோடு திரும்பி வந்தேன்.

மறுநாள் காலை கொத்தனார் சாக்கை விலக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஓட்டை இல்லை. அந்தப் பக்கமிருந்து ஆள் வைத்து அடைத்திருந்தாள். கலவை இன்னும் ஈரமாக இருந்தது.

"அவுகளே கட்டிட்டாக. நமக்கு வேலை மிச்சம்" என்று கொத்தனார் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நம்ம பக்கமும் ஒரு வரிசை வச்சுக் கட்டுங்க" என்றேன். "கெட்டியா."