ஓரத்தில் எழுதிய உப்பு

தம்பலகாமத்தில் பஸ் ஏறி என்னருகில் அமர்ந்த நரைமீசைக்காரர், மண்ணின் ஈரம் அளக்கும் புதுக் கருவியையும், அதைச் சோதித்து முடிவெழுதும் படிவத்தையும் மடியில் வைத்திருந்தார். கருவியின் முனையில் ஒட்டிய மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தார்.

"என்ன ஐயா, மண்ணைத் தின்னுறீங்கள்?"

"உப்புப் பாக்கிறன், தம்பி. கடல்தண்ணி ஏறுற களப்போரத்து வயலில உப்பு அதிகம். நிலம் காய்ஞ்சு கிடந்தாலும் இந்தக் கருவி ஈரம் எண்டுதான் சொல்லும். நம்பித் தண்ணி விடாட்டிப் பயிர் போயிடும்."

"அப்ப கூடாதெண்டு எழுதுங்கோவன்."

"மேட்டு வயல்களுக்கு இது நல்ல சாமான். கூடாதெண்டு எழுதினா அந்தச் சனத்துக்கும் கிடைக்காது."

அவருடைய படிவத்தில் இரண்டே கட்டங்கள்: ஏற்றது, ஏற்றதல்ல. துறைமுக நகரம் வரும்வரை பேனை இரண்டுக்கும் நடுவில் நின்றது. இறங்குமுன் 'ஏற்றது' என்பதில் சரி போட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினார்: 'முதலில் மண்ணை நாக்கில் வைத்துப் பார்க்கவும்.'

துறைமுகக் காற்று உதட்டில் கரிக்கும்போதெல்லாம், அந்த ஓரத்தை யாராவது வாசித்திருப்பார்களா என்று நினைக்கிறேன்.