பின்கதவில் பூனைக்கு ஒரு வழி

மூணாவதுவரை படித்த நான் சொந்த உழைப்பில் கள்ளக்குறிச்சியில் மாடிவீடு கட்டினேன். யாரையும் நம்பாததால்தான் ஆளானேன் என்று பெருமையாகச் சொல்வேன்.

பூனை வந்துபோகப் பின்கதவில் ஆடும் பலகை வைத்த ஓட்டை போட, கல்வராயன் மலையிலிருந்து ஒரு தச்சரைக் கூப்பிட்டேன். நான் கடையிலிருந்து திரும்புவதற்குள் வேலையை முடித்துப் போயிருந்தார். எனக்கு உடனே சந்தேகம். இதில் கையை விட்டால் உள்தாழ்ப்பாளைத் திறக்கலாமே, அதற்குத்தான் இவ்வளவு பெரிதாகப் போட்டானோ? கொல்லையில் குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டுத் துழாவினேன். தாழ்ப்பாள் எட்டவில்லை, கைதான் மாட்டிக்கொண்டது.

மறந்துபோன உளியை எடுக்கத் தச்சர் திரும்பி வந்தார்.

"இன்னா பெரியவரே, பூனைக்கு நுழையக் கத்துக்குடுக்கிறீங்களா?"

உள்ளே போய்ப் பலகையைக் கழற்றிக் கையை விடுவித்தார்.

"தாப்பா எட்டுதான்னு பார்த்தேன்" என்றேன்.

"எட்டாதுங்க. எவனாவது கையை விடுவான்னு நான்தான் தாப்பாவை மேல மாத்தி வெச்சேன்."

அந்த ஓட்டையில் இன்றுவரை கையை விட்டவன் நான் ஒருத்தன்தான்.