என் தலைக்கு அவர் வாங்கின ஹெல்மெட்

கண்ணாடி போட்ட பொம்பளைக்கு ஹெல்மெட் தெரிவு செய்ய அவ புருசனை விடாதீங்க. முதல்ல இதைச் சொல்லிட்டு மத்ததைச் சொல்றேன், இல்லாட்டி ஆத்திரத்துல மறந்துருவேன்.

எனக்கு ரெண்டு கண்ணுலயும் மூணே முக்கால் பவர். கண்ணாடியைக் கழட்டினா பத்தடிக்கு அப்பால நிக்கிறது மனுசனா தேயிலைச் செடியான்னு தெரியாது. நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் நமுனுகுல பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல இருக்கு. குடியிருக்கிறது பதுளை டவுன்ல. நடுவுல இருக்கிற ரோட்டுக்கு ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். பின்னேரம் ஆனா பனிமூட்டம் இறங்கிரும். அந்த ரோட்டுலதான் கொழுந்து மூட்டையைத் தூக்கிக்கிட்டு பொம்பளைங்க நடப்பாங்க, ஏன்னா தோட்டத்துல நடக்கிறதுக்குன்னு வேற ரோடு யாரும் போட்டுக் குடுக்கல. அதனால நான் கண்ணு தெரிஞ்சு ஓட்டணும். தெரியாம ஓட்டினா விழப்போறது நான் மட்டும் இல்ல.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அந்தக் கடைக்குள்ள போனேன்.

போன வருசம் ஸ்கூட்டி எடுத்தோம். அதுக்கு முன்ன ஒரே ஒரு பஸ், அது வந்தா வரும், வராட்டி இல்ல. லைசன்ஸ் எடுத்தது நான், ஓட்டப்போறது நான், ஹெல்மெட் ஏறப்போறது என் தலையில. ஆனா கடை மொதலாளி என் பக்கம் திரும்பவே இல்ல. "அண்ணே, மிஸ்ஸுக்கு எந்தக் கலர் புடிக்கும்?"னு எங்க வீட்டுக்காரர்கிட்ட கேக்குறாரு. நான் பக்கத்துலயே நிக்கிறேன், ஏதோ தைக்கக் குடுக்கக் கொண்டு வந்த துணி மாதிரி. இவரும் கொஞ்சமும் யோசிக்காம, "ரோஸ் கலர் காட்டுங்க"ன்றாரு. கல்யாணம் முடிஞ்சு பதினாலு வருசம். ரோஸ் கலர்ல நான் ஒரு கைக்குட்டை வாங்கினது இல்ல.

சரி, கலர் கெடக்கட்டும். அந்த ரோஸ் ஹெல்மெட்டை வாங்கி இவர் என்ன செஞ்சாருங்கிறீங்க? தன்னோட தலையில மாட்டிக்கிட்டாரு! இப்பிடியும் அப்பிடியும் ஆட்டிப் பாத்தாரு. "ம்... நல்லா இறுக்கமா இருக்கு. பாதுகாப்பு. இதையே குடுங்க"ன்னாரு. மனுசனுக்குக் கழுகுக் கண்ணு. நாப்பத்தஞ்சு வயசுலயும் பேப்பர்ல இருக்கிற பொடி எழுத்தைக்கூட சும்மா படிப்பாரு. அவர் மூக்குல ஒரு நாளும் கண்ணாடி ஏறினது இல்ல. அவர் தலைக்குச் சரின்னா எனக்கும் சரியாம்.

"நான் கண்ணாடியோட போட்டுப் பாக்கணும்"னு சொன்னேன். மொதலாளி அப்பதான் என்னைப் பாத்தாரு. "கழட்டிட்டுப் போடுங்க மிஸ். ஹெல்மெட்லயே முன்னுக்குக் கண்ணாடி இருக்குதானே"ன்னாரு.

சிரிக்கிறதுக்காகச் சொல்லல. நெசமாவே சொன்னாரு. அந்த பிளாஸ்டிக் மூடி இருந்தா எனக்குப் பவர் கண்ணாடி தேவையில்லைன்னு நெனச்சிருக்காரு. இத்தனை வருசமா தலைக்குத் தொப்பி விக்கிற ஆளு! நான் என்ன சொல்லியிருக்கணும்? "இந்தாங்க உங்க தொப்பி"ன்னு வச்சிட்டு வந்திருக்கணும். ஆனா கழட்டிட்டுப் போட்டேன். நிலைக்கண்ணாடியில பாக்கச் சொன்னாங்க. பாத்தேன். ரோஸ் கலர்ல ஒரு உருண்டை தெரிஞ்சுச்சு. "நல்லா இருக்குதானே?"ன்னு ரெண்டு ஆம்பளைங்களும் கேட்டாங்க. நானும் தலையை ஆட்டினேன். வகுப்புல நாப்பது புள்ளைங்களை ஒரு பார்வையில அடக்குறவ, கடையில வாயை மூடிக்கிட்டேன். அந்தக் கோவம் எனக்கு இன்னும் அடங்கல.

அடுத்த நாள் காலைல புரிஞ்சுது. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஹெல்மெட்டை இறக்கினா, கண்ணாடி மூக்குல இருந்து நெத்திக்கு ஏறுது. ஹெல்மெட்டைப் போட்டுட்டு கண்ணாடியைச் செருகினா, கன்னத்துப் பஞ்சு அவ்வளவு இறுக்கம், காம்பு காதுக்குப் போகாம பாதியில நிக்குது. அழுத்தித் தள்ளினேன். ஒரு காம்பு கோணிப்போச்சு. ஏறுறதுக்குள்ள என் மூச்சுலயே ரெண்டு கண்ணாடியும் புகைஞ்சு, மூடியும் புகைஞ்சு, உள்ள நான் இட்லிச் சட்டிக்குள்ள இருக்கிற மாதிரி இருந்தேன். ஒரு வாரத்துல ரெண்டு காதுக்கும் பின்னால புண். மத்தியானம் ஆனா மண்டையைப் பொளக்குற தலைவலி.

வீட்டுல சொன்னா, "பழகப் பழகச் சரியாயிரும்"னாரு. திரும்பச் சொன்னா, "ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணலாம்"னு பழமொழி வேற. வழியில பொலிசுக்காரங்க ரெண்டு தடவை மறிச்சாங்க. நாடி வார் பூட்டியிருக்கான்னு பாத்தாங்க. லைசன்ஸ் பாத்தாங்க. இந்தப் பொம்பளைக்குக் கண்ணு தெரியுதான்னு ஒருத்தரும் கேக்கல.

எங்க பள்ளிக்கூடத்துலயே ஸ்கூட்டியில வர்ற இன்னொரு டீச்சர் இருக்காங்க. அவங்களும் கண்ணாடி. "எப்பிடிங்க சமாளிக்கிறீங்க?"ன்னு கேட்டேன். குரலைத் தாழ்த்தி, "நான் கண்ணாடியைக் கழட்டி பேக்ல போட்டுருவேன். நமக்குத் தெரியாத ரோடா?"ன்னாங்க.

நானும் அன்னையில இருந்து அதையே செஞ்சேன். ஆமா, செஞ்சேன். வளைவு எல்லாம் மனப்பாடம்தானே, பள்ளம் எங்கன்னு தெரியும்தானே, மெதுவாத்தானே போறோம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு, காதுப் புண்ணு ஆறட்டும்னு கண்ணாடியைப் பேக்ல போட்டேன். ரோடு மனப்பாடம். ரோட்டுல நடக்கிற மனுசங்களை எப்பிடி மனப்பாடம் பண்றது? இது ஒரு டீச்சருக்குத் தெரியாமப் போச்சு.

மூணாவது வாரம், நாலு மணி இருக்கும். புலமைப்பரிசில் பரீட்சை எழுதப்போற புள்ளைங்களுக்கு மேலதிக வகுப்பு முடிச்சிட்டு இறங்குறேன். பனி கட்டிக்கிட்டு வருது. வளைவுல மலைப் பக்கமா ஏதோ வெள்ளையா இருந்துச்சு. ரோட்டோரத்துல சுண்ணாம்பு அடிச்ச கல்லு ஒண்ணு உண்டு, அதுதான்னு நெனச்சேன். எதிர்ல பஸ் வந்தா என்ன செய்யன்னு அந்தக் கல்லை ஒட்டியே போனேன். கிட்டப் போனதும் அந்தக் கல்லு திரும்பிப் பாத்துச்சு.

ஐயோன்னு பிரேக்கை அமுக்கினேன். கைப்பிடி பட்டு, தலையில இருந்த வெள்ளைச் சாக்குக் கொழுந்து மூட்டையோட ஒரு பொம்பளை ரோட்டோரக் கானுக்குள்ள விழுந்தாங்க. மூட்டை அவிழ்ந்து கொழுந்து பூரா தண்ணி ஓடுற கானுல கொட்டிருச்சு. நான் ஸ்கூட்டியைப் போட்டுட்டு ஓடினேன். கிட்டப் போனப்பதான் முகம் தெரிஞ்சுது. கீழ் லயத்து வரிசை வீட்டுல இருக்கிறவங்க, என்னைவிட அஞ்சாறு வயசு மூத்தவங்க. முழங்கால் கிழிஞ்சு ரத்தம்.

நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்ன அவங்க ரெண்டு கையையும் கூப்பினாங்க. "மன்னிச்சுக்கங்க டீச்சர். ஹோன் சத்தம் காதுல விழல. நான்தான் ஒதுங்காம நின்னுட்டேன்."

நான் ஹோனே அடிக்கல.

இதை வெளியூர்க்காரங்களுக்குச் சொன்னா நம்ப மாட்டாங்க. எங்க தோட்டத்துல வண்டிச் சத்தம் கேட்டா கானுக்குள்ள இறங்கி நிக்கிறது ஒரு பழக்கம். தொரையோட ஜீப்புக்கு இறங்கினாங்க, அப்புறம் கணக்கப்பிள்ளையோட மோட்டார் சைக்கிளுக்கு இறங்கினாங்க. இப்ப சக்கரத்துல எது வந்தாலும் இறங்குறாங்க. இறங்கலைன்னா தப்பு அவங்க மேல. இடிச்சவன்கிட்ட இடிபட்டவங்க மன்னிப்புக் கேக்கணும். லயத்துல பொறந்து வளந்தவ நான், எனக்குத் தெரியாதா? என் ஆத்தாவும் இறங்கி நின்னவதான்.

அந்த நிமிசம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்லக்கா"ன்னேன்.

பரவாயில்லையாம்! பெரிய மனசு பண்ணி மன்னிச்சிட்டேன்! ரத்தம் அவங்களுக்கு, மன்னிப்பு என்கிட்ட இருந்து. கொழுந்தை அள்ளிக் குடுத்தேன், என் சால்வையைக் கிழிச்சு முழங்காலைக் கட்டினேன், தோட்டத்து டிஸ்பென்சரி வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போனேன், எல்லாம் செஞ்சேன். ஆனா கண்ணாடி என் பேக்குக்குள்ள இருந்துச்சுன்னு மட்டும் சொல்லல. மருந்து கட்டுறவர் "எப்பிடி?"ன்னு கேட்டாரு. அவங்களே, "வழுக்கி விழுந்துட்டேங்க"ன்னாங்க. நான் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னப்ப எங்க வீட்டுக்காரர் நெஞ்சுல கையை வச்சுக்கிட்டு, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு"ன்னாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "யாரு தலைக்கு வந்தது? யாரோட தலைப்பாகை?"ன்னு கேட்டேன். அந்த ரோஸ் ஹெல்மெட்டை அவர் மடியில போட்டேன். "உங்களுக்குத்தான் அளவு சரியா இருக்கு, நீங்களே வச்சுக்கங்க"ன்னேன். பாவம், மனுசன் ராத்திரி சாப்பாட்டுக்குக் கூட வாயைத் திறக்கல. கெட்டவர் இல்ல. யோசிக்கத் தெரியாதவர், அவ்வளவுதான். அவர்தான் பிறகு என் கண்ணாடிக் காம்பையும் நிமித்திக் குடுத்தாரு.

சனிக்கிழமை நான் தனியாப் போனேன். அதே கடை. "மாத்திக் குடுக்க மாட்டோம் மிஸ்"னாரு மொதலாளி. மாத்த வரல, புதுசு வாங்க வந்தேன்னேன். "இதுவரைக்கும் கண்ணாடி போட்ட யாரும் வந்து குறை சொன்னதில்லையே"ன்னாரு. "அவங்களுக்குக் கண்ணு தெரிஞ்சாதானே உங்க கடையைக் கண்டுபிடிச்சு வருவாங்க"ன்னேன். கடையில நின்ன ரெண்டு பேர் சிரிச்சாங்க. அவருக்கு முகம் செவந்து போச்சு. செவக்கட்டும்.

அன்னைக்கு ஒன்பது ஹெல்மெட் போட்டுப் பாத்தேன், ஒவ்வொண்ணையும் கண்ணாடியோட. போட்டுக்கிட்டு அங்கேயே ஸ்டூல்ல உக்காந்திருந்தேன், காது வலிக்குதான்னு பாக்க. குனிஞ்சு நிமிந்தேன், தலையை உதறினேன். வந்த ஆளுங்க எல்லாம் இந்தப் பொம்பளைக்குச் சாமி வந்திருச்சோன்னு பாத்தாங்க. கடைசியில பின்னால அட்டைப்பெட்டிக்குள்ள இருந்து கறுப்பு ஹெல்மெட் ஒண்ணை எடுத்தாரு. பூ இல்ல, ஸ்டிக்கர் இல்ல. தாடைப் பக்கம் மேல தூக்குற மாதிரி. அதைத் தூக்கிட்டு மாட்டி, கண்ணாடியைச் செருகினா, பஞ்சுல காம்புக்குன்னே ஒரு வழி விட்டிருக்கு. சும்மா வழுக்கிக்கிட்டு காதுல போய் உக்காந்துச்சு. நாடிக்கிட்ட காத்து போக ஓட்டையும் இருக்கு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த போர்டுல உள்ள எழுத்தை எல்லாம் சத்தமா வாசிச்சேன். "இதை ஏன் அன்னைக்கே காட்டல?"ன்னு கேட்டேன். "லேடீஸ் கறுப்பு கேக்க மாட்டாங்களே மிஸ்"னாரு. அட போங்கய்யா!

கண்ணு தெரிஞ்சிருச்சு. ஆனா நான் சொன்ன அந்த "பரவாயில்ல" என்னை விடல. ஞாயித்துக்கிழமை கீழ் லயத்துக்குப் போனேன். அவங்க காலை நீட்டி உக்காந்திருந்தாங்க. என்னைப் பாத்ததும் எழும்பப் பாத்தாங்க, "டீச்சர், வாங்க வாங்க"ன்னு. கோப்பை தேடி தேத்தண்ணி ஊத்தினாங்க. பக்கத்து வீட்டுக் காம்பராவுல இருந்து எட்டிப் பாத்த பொம்பளைகிட்ட, "நான் பாக்காம நின்னதுக்கு டீச்சர் எவ்வளவு ஒதவி பண்ணினாங்க தெரியுமா"ன்னு பெருமை வேற.

"இல்லக்கா. நீங்க ஒழுங்காத்தான் நின்னீங்க. நான் கண்ணாடியைக் கழட்டிட்டு ஓட்டினேன். நீங்க நின்னதே எனக்குத் தெரியல. கல்லுன்னு நெனச்சேன். தப்பு பூரா என் மேல"ன்னேன்.

பக்கத்துப் பொம்பளை மெதுவா தலையை இழுத்துக்கிட்டா. அவங்க, "அது கெடக்கட்டும் டீச்சர். யார்கிட்டயும் சொல்லிறாதீங்க, உங்க வேலைக்கு..."ன்னு ஆரம்பிச்சாங்க. அப்பிடியே நிறுத்திட்டாங்க. கட்டுப் போட்டிருந்த காலைப் பாத்தாங்க. என்னைப் பாத்தாங்க.

"கல்லா?"ன்னாங்க.

நான் தலையை ஆட்டினேன்.

"எனக்கு மூணு பொம்பளைப் புள்ளைங்க இருக்குடி. நான் போயிருந்தா அதுகளை யாரு பாப்பா, நீ பாப்பியா? கண்ணு தெரியாதவ எந்தத் தைரியத்துல வண்டியைத் தொட்ட? படிச்சவதானே நீ? நாலு நாளா நான் எல்லார்கிட்டயும் என் தப்பு என் தப்புன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறேன், நீ கேட்டுக்கிட்டு இருந்திருக்க!"

குரல் லயம் பூரா கேட்டுச்சு. கதவு கதவா ஆளுங்க வந்து நின்னாங்க. அவங்க நிறுத்தல, நானும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. அவங்க குடுத்த தேத்தண்ணியைக் கையில வச்சுக்கிட்டு, அவங்க கோவம் தீர்ற வரைக்கும் உக்காந்து கேட்டேன். ரொம்ப நேரம் ஆச்சு.