கூடைப்பந்துக் கோர்ட்டில் காய்ந்த நெல்

எங்கள் மண்டலத்து ஆண்கள் கூடைப்பந்து லீக்கில் மொத்தம் ஆறு கல்லூரிகள். அதில் எங்கள் கல்லூரிக்கென்றே ஒரு இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள், கடைசி இடம். நான் சேர்ந்த முதல் இரண்டு வருஷமும் அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றினோம். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற வழியில், நாலு பக்கமும் வயல் சூழ இருக்கும் கல்லூரி அது. பின்பக்கம் கூரை இல்லாத சிமெண்ட் கோர்ட். வேடிக்கை பார்க்க வாட்ச்மேனும் மதிலோரம் மேயும் ஆடுகளும் மட்டும்தான் வருவார்கள். எதிரணிப் பையன்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்குவார்கள். எனக்கோ கோபம் மூக்குக்கு மேல். அந்தக் கோபத்தில் ஃபவுல் செய்வேன், ஐந்தாவது ஃபவுலில் வெளியே போய் உட்காருவேன், அதற்கும் சேர்த்துச் சிரிப்பார்கள்.

மூன்றாவது வருஷம் என்னைக் கேப்டன் ஆக்கினார்கள். வேறு ஆள் இல்லை என்பதுதான் காரணம். ஆனால் அந்த வருஷம் எங்களுக்கு என்னவோ கூடி வந்தது. கும்பகோணத்தில் போய் ஜெயித்தோம். குருட்டு அதிர்ஷ்டம் என்றார்கள். நாகப்பட்டினம் பக்கம் போய் ஜெயித்தோம், வாயை மூடிக்கொண்டார்கள். ஒரு மேட்ச்கூடத் தோற்காமல் கடைசி மேட்ச்சுக்கு வந்து நின்றோம். எதிரே, அதேபோல் தோற்காமல் வந்திருந்த டவுன் கல்லூரி. மரத்தரை போட்ட உள்ளரங்கம் வைத்திருப்பவர்கள், வருஷா வருஷம் சாம்பியன். ஜெயிப்பவர்கள் மாநிலப் போட்டிக்குப் போவார்கள். எங்கள் கல்லூரி மாநிலப் போட்டியின் வாசலைக்கூட மிதித்ததில்லை. எனக்கு அதுதான் கடைசி வருஷம். மேட்ச் எங்கள் கோர்ட்டில்.

அந்த வாரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. தை மாதத்தில் பெய்யவே கூடாத மழை. சம்பா அறுவடை பாதியில் நின்றது, அறுத்த நெல்லும் நனைந்துவிட்டது. ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். குவித்து வைத்தால் முளைத்துவிடும். மேட்ச் அன்று காலையில்தான் சூரியன் முகம் காட்டியது. பிராக்டீஸுக்குப் போன நாங்கள் கேட்டிலேயே நின்றுவிட்டோம். கோர்ட் முழுக்க நெல் பரப்பியிருந்தது. இந்த வளையத்துக்குக் கீழிருந்து அந்த வளையத்துக்குக் கீழ் வரை ஒரு கோடுகூடத் தெரியவில்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் இது வழக்கம்தான். நனைந்த நெல்லுக்கு வெயில் கிடைத்தால் யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. தார் ரோடு, மாதா கோயில் முற்றம், பள்ளிக்கூட வாசல், எங்கே கெட்டித் தரை இருக்கிறதோ அங்கே பரப்புவார்கள். அன்றைக்கு மற்ற இடமெல்லாம் நிரம்பிவிட, வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டிருக்கிறார். மேட்ச் இருப்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் ஈர நெல்லோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பும் நாக்கு எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது.

குறித்த நேரத்துக்குக் கோர்ட் தயாராக இல்லையென்றால் ஆடாமலே தோல்வி, அதுதான் லீக் விதி. யாரைப் பிடித்துக் கத்தலாம் என்று உள்ளே போனேன். பலகையால் நெல்லைத் தள்ளிக்கொண்டிருந்தது என் அம்மா.

"என்னம்மா இது? சாயங்காலம் மேட்ச் இருக்குன்னு நேத்தே சொன்னேன்ல?"

"மேட்ச் சாயங்காலந்தானே. வெயில் இப்பல்ல அடிக்குது" என்றது, நிமிராமலே.

பிசிக்கல் டைரக்டர் சார் பைக்கை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். "டேய், இது கோர்ட்டா களத்துமேடா? உடனே அள்ளச் சொல்லு" என்று ஆரம்பித்தவர், குனிந்து ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தார். அவரும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான். கோபம் அப்படியே இறங்கிவிட்டது. "இன்னும் மெத்துனு இருக்கே" என்றார், பாவமாக.

அப்புறம் என்ன செய்வது? டீமில் இருந்த பன்னிரண்டு பேரும் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு நெல்லுக்குள் இறங்கினோம். வெறுங்காலைத் தரையோடு இழுத்து இழுத்து நடந்தால் அடி நெல் மேலே வரும், சீக்கிரம் காயும். சின்ன வயதிலிருந்து எல்லோருக்கும் பழகிய வேலை. நேராக ஒரு நடை, குறுக்காக ஒரு நடை. வெயில் மண்டையைப் பிளந்தது, நெல்லின் சுணை கழுத்தில் அரித்தது, தொடை கடுத்தது. மேட்ச்சுக்கு முன்னால் ஓய்வு எடுக்க வேண்டிய கால்கள் நெல் கிண்டுகின்றனவே என்று சார் தலையில் கை வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரும் பேண்டை மடித்துவிட்டு இறங்கினார்.

மத்தியானம் தாண்டியதும் அம்மா கடித்துப் பார்த்துவிட்டு, "டக்குனு உடையுது, அள்ளுங்க" என்றது. அள்ளி மூட்டை கட்டி ஓரத்தில் அடுக்கினோம். கூட்டிப் பெருக்கி ஈரச் சாக்கால் துடைத்துக்கொண்டிருக்கும்போது டவுன் கல்லூரி பஸ் வந்துவிட்டது. அவர்கள் கேப்டன் மூட்டைகளைப் பார்த்தான். "மேட்ச்சுக்குக் கூப்பிட்டாங்களா, ரேஷன் அரிசி வாங்கக் கூப்பிட்டாங்களா?" என்றான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தேன். ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்த்து, தரையைப் பார்த்து, சரி என்று தலையாட்டினார்.

மூட்டை ஏற்ற டிராக்டர் இருட்டும் நேரத்துக்குத்தான் வரும் என்றார்கள். அதனால் நெல்லோடு வந்தவர்கள் யாரும் போகவில்லை. கோர்ட்டைச் சுற்றி மூட்டைகள் மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக எங்களுக்கு ஒரு கேலரி.

விளையாட்டு விதி ஒன்றும் அவர்களுக்குத் தெரியாது. கூடைக்குள் விழுந்தால் கணக்கு என்பது மட்டும் புரிந்தது. கணக்கு என்று வந்தால் எங்கள் ஊரில் நெல் அளக்கிற கணக்குதான். முதல் மரக்காலை யாரும் 'ஒன்று' என்று சொல்ல மாட்டார்கள், 'லாபம்' என்பார்கள். இரண்டாவதிலிருந்துதான் எண்ணிக்கை. நான் முதல் பந்தைப் போட்டதும் அம்மா சத்தமாக, "லாபம்" என்றது. அடுத்த பந்துக்கு மூட்டை மேலிருந்த எல்லோரும் சேர்ந்து, "ரெண்டு." அதற்கடுத்து, "மூணு." டவுன் பையன்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். போர்டில் ஆறு என்று இருக்கிறது, ஜனங்கள் மூன்று என்று கத்துகிறார்கள்.

ஃப்ரீ த்ரோ வந்தபோதுதான் சிக்கல். யாரும் மறிக்காமல், ஒருவன் நின்ற இடத்திலிருந்து எறிகிறான், உள்ளே விழுகிறது. இது என்ன கணக்கு என்று எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். "சும்மா நிக்கிறவன் போட்டதெல்லாம் பதரு. சேக்காதீங்க" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு பக்கத்து ஃப்ரீ த்ரோவையும் பதர் என்று தூற்றித் தள்ளிவிட்டார்கள்.

பாதி ஆட்டம் வரை அவர்கள் கை ஓங்கியிருந்தது. எங்கள் தொடைகள் காலையிலேயே செத்திருந்தன. ஆனால் அவர்கள் கால்கள் மரத்தரையில் ஓடிப் பழகியவை. சிமெண்டும் வெயிலும் சேர்ந்து மூன்றாவது குவார்ட்டரில் அவர்களையும் உட்கார வைத்தன. எங்களுக்கும் எம்பிப் போடத் தெம்பில்லாமல் போனதும் நாங்கள் டிஃபன்ஸில் இறங்கினோம். காலைத் தூக்காமல் பக்கவாட்டில் இழுத்து இழுத்து, நெல் கிண்டிய அதே நடை. அவர்கள் எந்தப் பக்கம் போனாலும் எங்களில் ஒருவன் எதிரே நின்றான். நேரம் முடிந்தபோது இரண்டு அணியும் சமம்.

ரெஃப்ரி இன்னும் ஐந்து நிமிஷம் என்றார். "புது அம்பாரமா?" என்று அம்மா கேட்டது. புதுக் குவியல் என்றால் மறுபடியும் லாபத்திலிருந்து எண்ண வேண்டும் இல்லையா. ஆமாம் என்று சார் தலையாட்டினார்.

அந்த ஐந்து நிமிஷத்தில் யாருக்கும் ஒரு பந்துகூட விழவில்லை. எறிந்ததெல்லாம் இரும்பில் பட்டுத் திரும்பியது. கடைசி நொடிகளில் அவர்கள் கேப்டன் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு ஓடினேன். எம்பும்போது பின்னாலிருந்து இடித்துத் தள்ளினான். ஃபவுல். வழக்கமாக என்றால் எழுந்து அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். அன்றைக்கு அதற்குக்கூடத் தெம்பில்லை.

இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவது வளையத்தைச் சுற்றிவிட்டு வெளியே விழுந்தது. கழுத்தில் சுணை இன்னும் அரித்துக்கொண்டே இருந்தது. சொறிந்துகொண்டேன், மூச்சை இழுத்தேன், எறிந்தேன். உள்ளே விழுந்தது.

எங்கள் பையன்கள் குதித்தார்கள். ஆனால் மூட்டைகள் மேல் ஒரு சத்தம் இல்லை. அவர்கள் சட்டப்படி அது பதர். எல்லோரும் அம்மாவின் முகத்தையே பார்த்தார்கள். அம்மா மூட்டை மேல் ஏறி நின்றது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வயலில் ஆள் கூப்பிடும் குரலில், "லாபம்" என்றது. கோர்ட்டைச் சுற்றி அத்தனை பேரும், "லாபம், லாபம்" என்று கத்தினார்கள். அந்தச் சத்தத்தில் ரெஃப்ரியின் விசில்கூட எனக்குக் கேட்கவில்லை. சார் வந்து என்னைத் தூக்கியபோதுதான் மேட்ச் முடிந்தது தெரிந்தது. ஒரு பாயின்ட்டில் ஜெயித்துவிட்டோம்.

டிராக்டர் வந்ததும் ஜெர்சியோடு நாங்கள்தான் மூட்டை ஏற்றினோம். டவுன் கல்லூரி கேப்டனும் வந்து ஒரு மூட்டைக்குக் கை கொடுத்தான். அம்மா டிரெய்லரில் ஏறி உட்கார்ந்தபோது கேட்டேன். "ஃப்ரீ த்ரோவெல்லாம் பதருன்னியே, கடைசில மட்டும் எப்படிச் சேத்துக்கிட்ட?"

"மத்ததெல்லாம் சும்மா நின்னு போட்டது. நீ காலைலேர்ந்து நின்னுல்ல போட்ட" என்றது. அப்புறம் சாரைப் பார்த்து, "அடுத்த ஆட்டம் எந்த ஊர்ல சார்? கெட்டித் தரை இருக்குமா, இன்னும் பாதி அறுப்பு பாக்கி கெடக்கு" என்றது.