தொண்ணூற்றேழோடு நிறுத்திய வகுத்தல்

நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். நாகர்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை ஒன்று காலி. அதற்காகச் சுசீந்திரத்திலிருந்து ஒரே பஸ்ஸில் இரண்டு பேர் வந்து இறங்கினோம், நானும் என்னோடு காலேஜில் படித்தவளும். வேலை கிடைக்காவிட்டால் எனக்கொன்றும் குடி முழுகிப் போகாது, அப்பாவுக்கு வயல் இருந்தது. அவளுக்கு அப்பா இல்லை. கீழே இரண்டு தங்கைகள்.

"எனக்குக் கெடைக்கலேன்னா ஒனக்காவது கெடைக்கணும் மக்கா" என்றாள் பஸ்ஸில். நானும் அதையே சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த கண்ணாடிக்காரர் போர்டைக் காட்டி, "பத்து லட்சத்து ஒண்ணு. இது பகா எண்ணா, இல்லே வேறே எதாலயாவது வகுபடுமா?" என்றார். எழுதினேன். இரண்டு முனையிலும் ஒன்று, நடுவில் ஐந்து பூஜ்யம். இலக்கங்களைக் கூட்டினால் இரண்டுதான், அதனால் மூன்று போகாது. ஏழு போகவில்லை. பதினொன்று போகவில்லை. சாக்பீஸ் பொடி முழங்கை வரை ஏறிவிட்டது. ஆயிரம் வரைக்கும் உள்ள பகா எண்களையெல்லாம் போட்டுப் பார்த்தால்தான் உறுதி என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் தொண்ணூற்றேழும் மீதி வைத்ததும் பொறுமை போய்விட்டது. எனக்கு எப்போதும் இந்த அவசரப் புத்திதான். "பகா எண்தான் சார்" என்றேன். அவர் சரியென்றும் சொல்லவில்லை, தப்பென்றும் சொல்லவில்லை. போர்டை அழிக்கச் சொன்னார்.

வாசலில் அவள் நின்றாள். "பத்து லட்சத்து ஒண்ணு கேப்பாரு. பகா எண்ணுன்னு சொல்லிரு" என்று காதில் போட்டேன். என் கையை ஒரு அழுத்து அழுத்திவிட்டு உள்ளே போனாள்.

வராந்தாவில் உட்கார்ந்தும் உறுத்தல் விடவில்லை. இன்டர்வியூ கடிதத்தின் பின்பக்கத்தில், விட்ட இடத்திலிருந்து வகுக்கத் தொடங்கினேன். தொண்ணூற்றேழுக்கு அடுத்தது நூற்றொன்று. ஈவு ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று. மீதி இல்லை.

அடிப்பாவி! இன்னும் ஒரே ஒரு எண் போட்டிருந்தால் போதுமே! திரும்பப் பெருக்கிப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது. உள்ளே அவள் குரல் கேட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

"பகா எண்தான் சார்" என்று அவள் சொல்லி முடித்திருந்தாள்.

"இல்லே சார், நூத்தியொண்ணால போகும்!" என்று கத்தினேன். நான்தான் இவளுக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்தேன் என்பது அடுத்த வாக்கியம். அதற்குள் கண்ணாடிக்காரர் மேஜையைத் தட்டினார். "மிடுக்கி! கெட்டிக்காரி! வெளிய போயும் விடல்லியே இவ!" மற்ற இருவரும் சிரித்தார்கள். அடுத்த வாக்கியத்தை நான் விழுங்கிவிட்டேன். யாரும் என் வாயைப் பொத்தவில்லை.

அங்கேயே வேலை எனக்கென்று சொல்லிவிட்டார்கள்.

படி இறங்கும்போது அவள் கேட்டாள்: "ஏட்டி, வேலை ஒனக்கு வேணும்னு பஸ்ஸுலயே சொல்லியிருந்தா நான் திரும்பிப் போயிருப்பேனே?" கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

கணக்குப் போட்ட கடிதம் என் கையிலேயே இருந்தது. காட்டியிருந்தால், வேணுமென்று தப்பாகச் சொல்லவில்லை என்று நம்பியிருப்பாள். ஆனால், "அப்போ உள்ள போய்ச் சொல்லு" என்பாளே என்று அதை நான்காக மடித்து வைத்துக்கொண்டேன்.