திவிமகுளுவாவுக்கு ஈரம் பார்த்தவன்

சிலந்தி வளர்க்கிறதுல சாப்பாடு பெரிய பாடில்லைங்க, கரப்பான் ஒண்ணு போட்டா ஒரு வாரம் ஓடிடும். ஈரம்தான் உயிரை வாங்கும். அடுத்தவங்க வளர்த்த பிராணியக் கட்டிக்கிட்டு, ஆளில்லாத வீட்டுல கிடந்து மாரடிச்சவங்களுக்கு நான் சொல்றது புரியும்.

நான் கிடந்தது மாத்தளைப் பக்கம் பலாபத்வலைக்கு மேல ஒரு பங்களாவுல. கலவரத்துக்குப் பயந்து தோட்டத்துத் துரை குடும்பத்தோட வெளிநாடு போயிட்டாரு. காவலுக்கு நான், கண்ணாடிப் பெட்டிக்குள்ள ராணி. ராணின்னா திவிமகுளுவா, உள்ளங்கை அகலத்துக்கு ரோமம் மண்டின சிலந்தி. ஈரம் கூடினா பெட்டியில பூஞ்சணம் பிடிக்கும். குறைஞ்சா, சட்டை உரிக்கும்போது பழைய தோல் ஒட்டிக்கிட்டு கால் வெளிய வராது, செத்துடும். நான் வர்ற வரைக்கும் சாக விட்டுறாதன்னு துரை சொல்லிட்டுப் போனாரு. சொல்லாட்டியும் விட்டிருக்க மாட்டேன். எனக்குப் பேச அவ ஒருத்திதான்.

தும்புத்தூள்

பெட்டிக்கு அடியில தேங்காய்த் தும்புத்தூள் பரப்பணும். நனைச்சுப் பிழிஞ்சா கையில ஒட்டணும், தண்ணி சொட்டக்கூடாது. மாத்தளை டவுன்ல முஸ்லிம் நானா ஒருத்தர் கடையில மூட்டை மூட்டையா அவிழ்த்து நான் பிழிஞ்சு பாக்க, மனுசன் பொறுத்துப் பொறுத்துப் பாத்தாரு. சிலந்திக்குப் படுக்கன்னு சொன்னதும் தலையில கைய வச்சிட்டாரு.

"எங்கட புள்ளைகளையே நான் இப்படிப் பாத்துப் படுக்க வச்சதில்ல, தம்பி!"

போத்தல்

தண்ணி விசிறுற போத்தல் ஒருக்கா பழுதாகி, டவுன்ல திருத்திக்கிட்டு வந்தேன். செக்பொயின்ட்ல பிடிச்சுக்கிட்டாங்க. தமிழன் கையில விசிறுற போத்தல், சும்மா விடுவாங்களா? உன் மூஞ்சியிலயே அடின்னான் ஆமிக்காரன். அடிச்சேன். குடின்னான். குடிச்சேன். பயத்துல ராணி கதையப் பூராவும் சிங்களத்துல கொட்டிட்டேன். அவ கோபம், அவ பட்டினி, அவளுக்கு வேண்டிய ஈரம், எல்லாம். அவன் துவக்கைத் தோள்ல மாட்டிக்கிட்டு என்னையே பாத்தான். அப்புறம் அண்ணனைக் கூப்பிடுற மாதிரி சிங்களத்துல மெதுவா கேட்டான்:

"ஏன் அய்யே, வீட்டுல மனுசங்க யாருமே இல்லையா?"

மல்லாந்து கிடந்தவ

சட்டை உரிக்கிற நாள் கிட்ட வந்தா ராணி சாப்பிட மாட்டா, வயிறு கறுத்துடும். அந்த வாரம் அப்படித்தான் இருந்தா. பெட்டிய விட்டு நான் நகரவே இல்ல. அந்த நேரம் பார்த்து நாவுல ஊர்ல இருந்து என் அக்கா வந்துச்சு. ரோட்டுல செக்பொயின்ட்டுக்குப் பயந்து எவ்வளவோ காலம் எட்டிப் பாக்காத மனுசி! சந்தோசத்துல கால் தரையில நிக்கல, கருவாடு வாங்கக் கடைக்கு ஓடினேன்.

திரும்பி வந்தா வீடு கழுவி விட்டிருக்கு, கண்ணாடிப் பெட்டி வெயில்ல காயுது. ராணி எங்கன்னு கேட்டேன், கொல்லையக் காட்டுச்சு. திவிமகுளுவா மல்லாந்து படுத்துதாங்க சட்டை உரிக்கும். அக்காவுக்கு அது எங்க தெரியும்? செத்துப் போச்சுன்னு நினைச்சு, நான் பாத்தா மனசு ஒடிஞ்சுடுவேன்னு கொல்லையில புதைச்சு, சாவு விழுந்த வீடு மாதிரி கழுவியும் விட்டுடுச்சு.

ஓடிப்போய்த் தோண்டினேன். பாதிச் சட்டை கழண்டிருந்துச்சு. உள்ள இருந்த புது உடம்பு மண்ணுல நசுங்கிப் போச்சு. கையில வச்சுக்கிட்டு அழுதேன். புதைச்சது உயிரோடன்னு சொன்னா அக்கா இனி இந்தப் பக்கமே வராதுன்னு பயமா இருந்துச்சு. சொல்லல. அக்கா முந்தானையால என் கையில இருந்த மண்ணைத் துடைச்சுச்சு.

"ஒரு பூச்சிக்குப் போய் இப்படி அழுவுறியே சாமி! இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுத்தான் போவேன்."

ராணிய உயிரோட வச்சிருக்க நான் பட்ட பாடெல்லாம் கொண்டு வராத ஆள் துணைய, அவ செத்தது ரெண்டு நாள் தங்க வச்சிருச்சு பாருங்க.