சித்தி வைத்த ராக்கொடி

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. மயிலாப்பூரில் கூட்டுக் குடும்பமாக இருந்தோம். அவள் தலைமுடி பட்டுநூல் மாதிரி வழுக்கும். ரிப்பன் கட்டினால் வாசல் தாண்டுவதற்குள் அவிழ்ந்துவிடும். பின்னலுக்கு மேலே பின்தலையில் ராக்கொடி நகை வைத்தாலோ சற்று நேரத்தில் கழுத்துக்கு இறங்கிவிடும்.

நவராத்திரியில் ஒரு சாயங்காலம் நான் சுண்டல் தாளித்துவிட்டு வந்தபோது அவள் கூடத்தில் குதித்துக்கொண்டிருந்தாள். ராக்கொடி அசையவில்லை.

"யார் வச்சுவிட்டா?"

"சித்தி. வலிக்கவே இல்லைம்மா."

சித்தி என்றால் என் கொழுந்தனின் மனைவி. எங்காத்துக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாதவள். எனக்கு வயிறு எரிந்தது.

"கோணலா இருக்கு" என்று பொய் சொல்லிக் குழந்தையை உட்காரவைத்தேன். அடிமுடியைக் கறுப்பு நூலால் கட்டி, அந்தக் கட்டோடு ராக்கொடியைத் தைத்திருந்தாள். நூலை அறுத்தேன். வழக்கம்போல் எண்ணெய் தடவிப் பின்னி, நானே வைத்துவிட்டேன்.

நாலு வீட்டுக் கொலு பார்த்துத் திரும்பியபோது ராக்கொடியைக் காணோம். விஷயம் தெரிந்ததும் சித்திதான் விளக்கை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கித் தேடினாள். ஒரு வீட்டு வாசற்கோலத்தின் ஓரத்தில் கிடந்ததாம்.

"இந்தாங்கோ மன்னி" என்று என் கையில் கொடுத்தாள். அறுந்த நூலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மறுநாள் குழந்தை சீப்போடு நேரே அவளிடம் போனாள். நான் தடுக்கவில்லை. அவள் பிரசவத்துக்குப் பிறந்தகம் போகும்வரை அந்தச் சீப்பு என் கைக்குத் திரும்பவே இல்லை.